ஜி.ஆர்.இ. "கட்டாயம் இல்லை" என்றால் எழுதாமல் விட்டுவிடலாமா?

அலைமுகம் (செப்டம்பர் 6)

உயிரியல் புள்ளியியலில் முதுநிலைப் படிப்புக்காக வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். ஏழு துறைகளைத் தேர்ந்து வைத்திருக்கிறேன். அவற்றில் இரண்டு, பட்டமேற்படிப்புச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான ஜி.ஆர்.இ.யின் மதிப்பெண் கட்டாயம் என்கின்றன. மூன்று துறைகள் விருப்பமிருந்தால் அனுப்பலாம் என்கின்றன. ஒன்று, கட்டாயமில்லை எனினும் அனுப்புமாறு பரிந்துரைக்கிறோம் என்கிறது. எஞ்சிய ஒன்று, அனுப்பினாலும் பார்க்க மாட்டோம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. கடைசி நாள்கள் எல்லாம் டிசம்பர் 1 முதல் 15 வரைக்குள் வருகின்றன.

என் நிலை இதுதான். இளநிலையில் மொத்தச் சராசரி மோசமில்லை. ஆனால் மூன்றாம் பருவத்தில் உடல்நலம் குன்றியிருந்தபோது எழுதிய நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு ஆகிய இரண்டு தாள்களிலும் மதிப்பெண் மிகவும் குறைந்துவிட்டது. பிந்தைய பருவங்களில் தேறிவிட்டேன். ஓர் ஆய்வகத்தில் ஓராண்டுக் காலம் தரவுப் பகுப்பாய்வு செய்திருக்கிறேன். என் கல்லூரி வெளியே அதிகம் அறியப்படாதது.

கட்டாயம் என்று கேட்கும் இரண்டையும் விட்டுவிட்டு, தேர்வுக்குச் செலவிடும் நேரத்தை நோக்க அறிக்கைக்கு (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரை) செலவிடலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் அந்த இரண்டில் ஒன்றில் உள்ள ஆய்வுக் குழுதான் எனக்கு எல்லாவற்றிலும் பொருத்தமானது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

வடமீன் (செப்டம்பர் 6)

முனைவர் படிப்பின்போது எங்கள் துறையின் சேர்க்கைக் குழுவில் மாணவப் பிரதிநிதியாக இரண்டு ஆண்டுகள் இருந்தேன். அங்கே கண்டதைக் கொண்டு சொல்கிறேன்.

நீங்கள் குறிப்பிட்ட நான்கு சொற்களும் நான்கு வேறு பொருள்களைக் கொண்டவை. அவற்றை "கட்டாயம்", "கட்டாயமில்லை" என்று இரண்டாகச் சுருக்கும்போதுதான் பலர் தவறிவிடுகிறார்கள். கட்டாயம் என்றால், மதிப்பெண் வந்து சேராத விண்ணப்பம் முழுமையற்றது என்று கருதப்பட்டுக் குழுவின் பார்வைக்கே வராமல் போகலாம். ஏற்கப்படாது என்றால், உங்கள் மதிப்பெண் உச்ச அளவான 170 ஆக இருந்தாலும் அது குழுவினரின் திரையில் தெரியாது. ஆகவே அத்தகைய துறைக்கான நோக்க அறிக்கையில் மதிப்பெண்ணைக் குறிப்பிடுவதையும் தவிர்த்துவிடுங்கள். பரிந்துரைக்கப்படுகிறது என்ற சொல்லை நான் கட்டாயத்துக்கு ஒரு படி கீழே மட்டுமே வைப்பேன். கல்விப் பின்னணியில் ஏதேனும் ஐயத்திற்கு இடமிருக்கும் விண்ணப்பதாரரிடமிருந்து கூடுதலாக ஒரு சான்றை எதிர்பார்க்கிறோம் என்பதையே அது பெரும்பாலும் குறிக்கும்.

விருப்பத்திற்குரியது என்பதுதான் கடினமான சொல். எங்கள் குழுவில், மதிப்பெண் அனுப்பாதவரை அதற்காகக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்ற விதி இருந்தது. அது நேர்மையாகவே பின்பற்றப்பட்டது. ஆனால் மதிப்பெண் பட்டியலில் இரண்டு கணிதத் தாள்கள் சரிந்திருக்கும்போது, "இவரால் முதல் பருவத்துப் புள்ளியியல் கோட்பாட்டுத் தாளைத் தாங்க முடியுமா?" என்ற கேள்வி மேசையில் எழத்தான் செய்யும். அதற்கு விடையளிக்கக்கூடிய எதுவும் விண்ணப்பத்தில் இல்லையென்றால், குழு அடுத்த விண்ணப்பத்துக்கு நகர்ந்துவிடும். உங்கள் நிலையில் நான் தேர்வை எழுதுவேன்.

இன்னொன்று. பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தில் உள்ளதை நம்பி முடிவெடுக்காதீர்கள். பட்டமேற்படிப்பு அலுவலகம் ஒன்றைச் சொல்லும், துறை வேறொன்றைச் சொல்லும்; துறைக்குள்ளேயே முதுநிலைக்கு ஒரு விதியும் முனைவர் படிப்புக்கு வேறு விதியும் இருக்கும். நீங்கள் சேரப்போகும் அந்த ஒரு படிப்பின் பக்கத்தில், இந்த ஆண்டுச் சேர்க்கைக்கு என்று எழுதப்பட்டிருப்பதை மட்டுமே கணக்கில் கொள்ளுங்கள். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 முதல், பல துறைகள் தற்காலிகமாக விலக்கு அளித்தன. அவற்றுள் சில அதை நிலைப்படுத்தின, சில மீண்டும் கேட்கத் தொடங்கின. அந்தக் காலத்தில் எழுதப்பட்ட பழைய அறிவுரைகள் இன்னும் இணையத்தில் அப்படியே இருக்கின்றன.

கூர்நோக்கு (செப்டம்பர் 7)

வடமீன் சொன்னதில் சொல் விளக்கங்களை ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை.

இந்தத் தேர்வு எதை அளக்கிறது என்று முதலில் கேட்போம். ஜி.ஆர்.இ. கணிதப் பகுதியில் எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல், தரவு விளக்கம் ஆகியவைதாம் உள்ளன. நுண்கணிதமும் இல்லை, அணிக்கோட்பாடும் இல்லை. அலைமுகத்தின் நேரியல் இயற்கணித மதிப்பெண்ணைப் பற்றிய ஐயத்தைப் பள்ளிப் பாடத்தளவிலான கணக்குகள் எப்படித் தீர்க்கும்? மேலும், உலகம் முழுவதிலிருந்தும் பொறியியல், கணித மாணவர்கள் பெருமளவில் எழுதுவதால் கணிதப் பகுதியின் உச்சியில் நெரிசல் மிகுதி. மொழிப் பகுதியில் 160 பெற்றவர் எண்பதுக்கு மேற்பட்ட பெர்சென்டைலில், அதாவது எழுதிய நூறு பேரில் எண்பதுக்கு மேற்பட்டோரைவிட மேலே, நிற்கிறார். கணிதத்தில் அதே 160 பெற்றவர் ஏறத்தாழ நடுவில் நிற்கிறார். எண்ணை மட்டும் பார்த்து மகிழ்ந்தவர்கள் பலர் இதை அறியாமலேயே மதிப்பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள்.

துறைகள் இதைக் கைவிட்டது சோம்பலினால் அன்று. 2014-இல் ஆய்வாளர்கள் கேசி மில்லரும் கெய்வன் ஸ்டாசுனும் 'நேச்சர்' இதழில், இந்தத் தேர்வைக் குறைந்தபட்ச மதிப்பெண் வரம்பாகப் பயன்படுத்துவது பெண்களையும் சிறுபான்மையினரையும் அறிவியலிலிருந்து வடிகட்டிவிடுகிறது என்று எழுதினார்கள். அதன் பின் வானியல் துறைகளிலும் உயிரியல் துறைகளிலும் இதைக் கைவிடும் போக்கு வலுத்தது. பாடவாரித் தேர்வுகளிலும் பல முடிவுக்கு வந்துவிட்டன. கணினி அறிவியல், உயிரியல், ஆங்கில இலக்கியம், வேதியியல் என்று ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்டு, இன்று இயற்பியல், கணிதம், உளவியல் ஆகிய மூன்றே எஞ்சியிருக்கின்றன. ஒரு மாணவர் மூன்று மாதத்தை இதற்குக் கொடுப்பதைவிட, நிகழ்தகவில் ஒரு நல்ல இணையவழிப் பாடத்தை முடித்துச் சான்று பெறுவது பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து.

மணற்கேணி (செப்டம்பர் 7)

கூர்நோக்கு அவர்களே, நீங்கள் சொன்ன குறைகள் உண்மையானவை. ஆனால் தேர்வை எடுத்துவிட்டால் அந்த இடம் வெறுமையாக இருப்பதில்லை. அதன் எடை முழுவதும் பரிந்துரைக் கடிதங்களின் மீதும், கல்லூரியின் பெயர் மீதும், வெளிவந்த கட்டுரைகளின் மீதும் போய் விழுகிறது.

நான் படித்த கல்லூரியின் பெயரை எந்தச் சேர்க்கைக் குழுவும் கேள்விப்பட்டிருக்க முடியாது. என் பேராசிரியர்கள் அன்பானவர்கள், ஆனால் அவர்களுக்கு வெளிநாட்டுத் துறைகளில் தெரிந்தவர்கள் எவரும் இல்லை. அவர்கள் எழுதிய கடிதங்கள், "இவர் ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" என்ற அளவில் நின்றன. புகழ்பெற்ற நிறுவனத்தில் பயிற்சி பெற்றவருக்கு அவருடைய வழிகாட்டி இரண்டு பக்கம் எழுதித் தரும் கடிதத்தின் முன் அவை எப்படி நிற்கும்? என் விண்ணப்பத்தில், பெயர் தெரிந்த நிறுவனத்து மாணவரோடு ஒரே அளவுகோலில் நான் நின்ற ஒரே இடம் அந்த மதிப்பெண்தான். அதனால்தான் எனக்குச் சேர்க்கை கிடைத்தது என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் நேர்காணலில் பேராசிரியர் முதலில் எடுத்துப் பேசியது அதைத்தான்.

ஆய்வுகளைப் பற்றியும் ஒரு சொல். 2001-இல் குன்செல், ஹெஸ்லெட், ஓன்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்பது), இந்த மதிப்பெண்ணுக்கும் பட்டமேற்படிப்பில் பெறும் மதிப்பெண்களுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. 2019-இல் இயற்பியல் முனைவர் மாணவர்களை வைத்து மில்லரும் உடனாய்வாளர்களும் செய்த ஆய்வு, படிப்பை நிறைவு செய்வதை இது சரிவர முன்னறிவிப்பதில்லை என்றது. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள். தவிர, இரண்டாவது வகை ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு: அவை சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களை மட்டுமே பார்க்கின்றன. மதிப்பெண் குறைந்தும் சேர்க்கை பெற்றவர் வேறு ஏதோ ஒன்றில் மிகச் சிறந்தவராக இருந்திருப்பார். ஆகவே சேர்ந்தவர்களுக்குள் தொடர்பு மங்கித் தெரிவது இயல்பு. புள்ளியியல் படிக்கப்போகிற அலைமுகத்துக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அலைமுகம் (செப்டம்பர் 8)

மூவருக்கும் நன்றி. மணற்கேணி சொன்ன கடிதங்களின் நிலை என் நிலையும்தான். படித்தபோது சற்று நேரம் பேச்சற்று இருந்தேன்.

ஆங்கிலத் தேர்வைப் பற்றியும் ஓர் ஐயம். சென்ற ஆண்டு ஜனவரியில் ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினேன். கேட்டல் 8, வாசித்தல் 7.5, பேசுதல் 6.5, எழுதுதல் 6; மொத்தம் 7. எல்லாத் துறைகளும் 7 கேட்பதால் இதுவே போதும் என்று இருந்துவிட்டேன். இது சரிதானா?

தாழ்திறவு (செப்டம்பர் 8)

சரியில்லை. இரண்டு காரணங்களால்.

முதலாவது, பிரிவு வாரியான வரம்பு. நான்கு பிரிவுகளையும் கூட்டினால் 28. நான்கால் வகுத்தால் 7. மொத்த மதிப்பெண்ணில் குறையில்லை. ஆனால் பல துறைகள் "மொத்தம் 7, எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் குறையாமல்" என்று கேட்கின்றன. அத்தகைய இடத்தில் எழுதுதலில் நீங்கள் பெற்ற 6 ஒன்றே விண்ணப்பத்தை நிறுத்திவிடும். ஒரு பிரிவை மட்டும் மீண்டும் எழுதும் வசதி இப்போது உண்டு என்று பலர் சொல்வார்கள். ஆனால் கணினிவழித் தேர்வு எழுதியவர்கள் 60 நாள்களுக்குள் அதை எழுதிவிட வேண்டும், அதையும் எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை. உங்களுக்கு அந்த வாய்ப்பு எப்போதோ கடந்துவிட்டது.

இரண்டாவது, காலாவதி. ஐ.இ.எல்.டி.எஸ்., மற்றோர் ஆங்கிலத் தேர்வான டோஃபல் இரண்டின் மதிப்பெண்ணும் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். உங்களுடையது வரும் ஜனவரியில் முடிகிறது. விண்ணப்பிக்கும் நாளில் செல்லத்தக்கதாக இருந்தால் போதும் என்று சில துறைகள் ஏற்கும். வேறு சில, வகுப்புத் தொடங்கும் நாள் வரை செல்ல வேண்டும் என்று கேட்கும். இதை மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் விடை பெறுங்கள். ஜி.ஆர்.இ., மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் ஆகியவற்றின் மதிப்பெண்களோ ஐந்து ஆண்டுகள் செல்லும். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறைய.

மீண்டும் எழுதுவதாக இருந்தால் தேர்வைத் தேர்ந்தெடுக்கும் முன், துறை ஏற்கும் பட்டியலை மட்டுமல்லாமல், அந்த நாட்டின் விசா விதியையும் பாருங்கள். இரண்டும் தனித்தனி வாயில்கள். பிரிட்டனில் பட்டப்படிப்பு நிலையிலும் அதற்கு மேலும் பல்கலைக்கழகமே மாணவரின் ஆங்கிலத் தகுதியை மதிப்பிட்டுக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவிலோ மாணவர் விசாவுக்கென்று அரசு தனியாக ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 2024 மார்ச்சில் அதை ஐ.இ.எல்.டி.எஸ். 5.5-இலிருந்து 6-ஆக உயர்த்தினார்கள். வீட்டிலிருந்தே ஒரு மணி நேரத்தில் எழுதி முடிக்கும் டியோலிங்கோ தேர்வைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்றாலும், ஆஸ்திரேலிய விசாவுக்கு அது செல்லாது. சேர்க்கைக் கடிதம் கையில் வந்த பிறகு, விசாவுக்காக வேறொரு ஆங்கிலத் தேர்வை அவசரமாக எழுத நேர்ந்த ஒருவரை நான் அறிவேன். அந்த மூன்று வாரங்களில் அவர் பட்ட மனவேதனை வேறு எவருக்கும் வேண்டாம்.

டோஃபல் எழுத நினைத்தால், 2026 ஜனவரி 21 முதல் அதன் வடிவமும் மதிப்பெண் முறையும் மாறியிருப்பதைக் கவனியுங்கள். 0 முதல் 120 வரை என்றிருந்த அளவுகோலுக்குப் பதிலாக 1 முதல் 6 வரை என்ற அளவுகோல் வந்திருக்கிறது. பழைய பயிற்சி நூல்களைக் கடன் வாங்கிப் படிக்க வேண்டாம்.

சிறுகுறிப்பு (செப்டம்பர் 8)

குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. பதிவு செய்யும்போது பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் இடுங்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருப்பவர்கள், ஒற்றைப் பெயருக்கு அந்தத் தேர்வு நிறுவனம் என்ன முறை சொல்லியிருக்கிறது என்று பார்த்து அதன்படி செய்ய வேண்டும். விண்ணப்பப் படிவத்திலும் அதே வடிவம் இருக்கட்டும். என் மதிப்பெண் அறிக்கை ஒரு பெயரிலும் விண்ணப்பம் வேறு வரிசையில் எழுதிய பெயரிலும் போனதால், ஒரு துறை ஜனவரி வரை என் கோப்பை முழுமையற்றது என்றே வைத்திருந்தது. பிழை என்னுடையதே.

வடமீன் (செப்டம்பர் 9)

கூர்நோக்கு மூன்று மாதம் என்று சொன்னதால் நாள் கணக்கைப் பற்றி எழுதுகிறேன். ஏனெனில் ஜி.ஆர்.இ. இன்று முன்பு போல் நீண்டதன்று. 2023 செப்டம்பர் 22-க்கு முன் ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. இப்போது 1 மணி 58 நிமிடம். இரண்டு கட்டுரைகளில் ஒன்று நீக்கப்பட்டு, 30 நிமிடத்தில் எழுதும் ஒன்று மட்டும் இருக்கிறது. மொழியில் 27 கேள்விகள், கணிதத்தில் 27 கேள்விகள். ஒவ்வொன்றும் 12, 15 என்று இரண்டு பிரிவுகளாக வரும். இடைவேளை இல்லை.

கேள்விகள் குறைந்ததால் ஒவ்வொரு தவறின் எடையும் கூடியிருக்கிறது என்பதை மனத்தில் கொள்ளுங்கள். முதல் பிரிவை எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்தே இரண்டாம் பிரிவின் கடினம் அமையும். முதல் பன்னிரண்டில் சறுக்கினால், எளிதான இரண்டாம் பிரிவில் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் உச்ச மதிப்பெண்ணை எட்ட முடியாது. ஒரு பிரிவுக்குள் கேள்விகளைக் குறித்து வைத்துவிட்டுத் திரும்ப வரலாம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை. எதையும் வெறுமையாக விடாதீர்கள்.

புள்ளியியல் படித்தவருக்குக் கணிதப் பகுதிக்கு ஆறு வாரம் போதும். உங்களுக்குக் கடினமாக இருக்கப்போவது கணக்கு அன்று; நேரமும், அளவுகளை ஒப்பிடும் கேள்விகளில் மறைந்திருக்கும் விதிவிலக்குகளும்தான். மாறி எதிர்ம எண்ணாக இருந்தால், பூச்சியமாக இருந்தால், பின்னமாக இருந்தால் என்று மூன்றையும் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள். கல்லூரிக் கணிதத்தில் வல்லவர்கள் அந்த இடத்தில்தான் நான்கைந்து கேள்விகளை இழக்கிறார்கள். தேர்வு நடத்தும் இ.டி.எஸ். நிறுவனமே தரும் பயிற்சித் தேர்வுகளை நேரக் கட்டுப்பாட்டோடு செய்யுங்கள். வேறு எவருடைய மாதிரித் தேர்வு மதிப்பெண்ணையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை.

இனி நாள்கள். ஒரு முறை எழுதியபின் 21 நாள் கழித்தே மறுமுறை எழுதலாம். அதிகாரபூர்வ மதிப்பெண் வர 8 முதல் 10 நாள் ஆகும். டிசம்பர் 1-லிருந்து பின்னோக்கி எண்ணினால், முதல் முறையை அக்டோபர் 20-க்குள் வைத்தால்தான் இரண்டாம் முறைக்கு இடமிருக்கும். வீட்டிலிருந்து எழுதுவதாக இருந்தால், கணக்குப் போட்டுப் பார்க்கச் சாதாரணத் தாளைப் பயன்படுத்த முடியாது. அழித்தெழுதும் சிறு பலகையோ ஒளிபுகும் உறையில் இட்ட தாளோதான் அனுமதி. கணிதப் பகுதிக்காகவே நான் தேர்வு மையத்தைப் பரிந்துரைப்பேன்.

புதுத்தடம் (செப்டம்பர் 10)

வணிக மேலாண்மைக்கு விண்ணப்பிக்கிறவன். இதே கேள்விதான், ஆனால் எனக்கு ஜிமேட்டா ஜி.ஆர்.இ.யா என்பதே முதலில் தெரியவில்லை.

தாழ்திறவு (செப்டம்பர் 10)

பெரும்பாலான வணிகக் கல்லூரிகள் இரண்டையும் சமமாக ஏற்கின்றன. பிற துறைகளுக்கும் விண்ணப்பிக்கும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் ஜி.ஆர்.இ. எழுதுங்கள். மேலாண்மை மட்டும்தான் என்றால், இரண்டிலும் ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்து எதில் இயல்பாக வருகிறதோ அதை எடுங்கள். ஜிமேட்டின் இன்றைய வடிவம் 2023 நவம்பரில் வந்தது: கணிதம், மொழி, தரவு நுண்ணறிவு என்று மூன்று பிரிவுகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். மதிப்பெண் 205 முதல் 805 வரை; எப்போதும் 5-இல் முடியும். பழைய வடிவத்தின் 700-ஐயும் புதிய 705-ஐயும் ஒன்றாக எண்ண வேண்டாம். பெர்சென்டைலின்படி புதிய 645-தான் பழைய 700-க்கு ஏறத்தாழ நிகர்.

கூர்நோக்கு (செப்டம்பர் 10)

மணற்கேணியின் பதிவை இரண்டு முறை படித்தேன். கடிதங்களைப் பற்றி அவர் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. நான் படித்த இடத்தின் பெயரே எனக்காகப் பாதி பேசிவிட்டது என்பதை இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

ஆனாலும் ஒன்றில் நிற்கிறேன். எழுதிவிட்டோம் என்பதற்காக எல்லாத் துறைகளுக்கும் அனுப்பிவிடக் கூடாது. விருப்பத்திற்குரியது என்று சொல்லும் மூன்று துறைகளும், முந்தைய ஆண்டுகளில் சேர்ந்தவர்களின் சராசரியை வெளியிட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கணித மதிப்பெண் அதற்கு இணையாகவோ மேலாகவோ இருந்தால் அனுப்புங்கள். கீழே இருந்தால், கேட்காத இடத்தில் ஒரு பலவீனத்தைத் தானாகக் கொண்டுபோய் வைப்பானேன்? எந்தத் தேதியில் எழுதியதை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை தேர்வெழுதியவருக்கு உண்டு. அனுப்பாத மதிப்பெண் துறைக்குத் தெரியவராது. தேர்வு நாளிலேயே நான்கு இடங்களுக்குக் கூடுதல் கட்டணமின்றி அனுப்பலாம் என்பதால் சிலர் பதற்றத்தில் நான்கையும் நிரப்பிவிடுகிறார்கள். கட்டாயம் கேட்கும் இரண்டை மட்டும் இட்டாலும் தவறில்லை.

மூன்றாம் பருவத்து உடல்நலக் குறைவை நோக்க அறிக்கையில் நீட்டி எழுத வேண்டாம். இரண்டு வாக்கியங்கள் போதும்; அதற்குப் பின் எந்தெந்தத் தாள்களில் எழுந்து நின்றீர்கள் என்பதை எழுதுங்கள். உங்கள் கல்லூரிப் பேராசிரியரிடம், நிகழ்தகவு தொடர்பாக நீங்கள் ஆய்வகத்தில் செய்த வேலையைக் குறிப்பிட்டு எழுதுமாறு கேளுங்கள். அவர் மறந்திருக்கக்கூடும், செய்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் கடிதம் தானாக வலுப்படும்.

அலைமுகம் (அக்டோபர் 29)

தாமதமாக வருகிறேன். அக்டோபர் 17-இல் தேர்வு மையத்தில் எழுதினேன். கணிதம் 167, மொழி 156, கட்டுரை 4. மாதிரித் தேர்வுகளில் தொடக்கத்தில் 160-ஐத் தாண்டவே முடியவில்லை. வடமீன் சொன்ன அதே ஒப்பீட்டுக் கேள்விகளில்தான் தொடர்ந்து சறுக்கினேன். பூச்சியத்தையும் எதிர்ம எண்ணையும் சோதிக்காமல் எந்த விடையையும் குறிப்பதில்லை என்று வைத்துக்கொண்ட பிறகு ஏறியது. மறுமுறை எழுதப் போவதில்லை.

கட்டாயம் கேட்ட இரண்டுக்கும், பரிந்துரைத்த ஒன்றுக்கும் அனுப்பிவிட்டேன். விருப்பத்திற்குரிய மூன்றில் இரண்டின் சராசரி வெளியாகியிருந்தது. ஒன்றில் என் கணிதம் மேலே நிற்கிறது, அதற்கு அனுப்புகிறேன். இன்னொன்றில் சற்றுக் கீழே, அதற்கு அனுப்பவில்லை. மூன்றாவது துறைக்கு என்ன செய்வதென்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஐ.இ.எல்.டி.எஸ். பற்றி ஏழு துறைகளுக்கும் எழுதிக் கேட்டேன். நான்கு துறைகள், விண்ணப்ப நாளில் செல்லத்தக்கதாக இருந்தால் போதும் என்றும் பிரிவு வரம்பு இல்லை என்றும் விடையளித்தன. இரண்டு துறைகள் எழுதுதலில் 6.5 வேண்டும் என்றன. அவற்றில் ஒன்று நான் மிகவும் விரும்பும் ஆய்வுக் குழு உள்ள துறை. ஒன்றிடமிருந்து இன்னும் விடை வரவில்லை. நவம்பர் 14-க்கு மீண்டும் பதிவு செய்திருக்கிறேன், கடவுச்சீட்டில் உள்ள அதே பெயரில். எழுதுதல் பகுதிக்கு இரண்டு வாரத்தில் எப்படித் தயாராவது என்று தாழ்திறவோ வேறு எவரேனுமோ சொன்னால், இன்றிரவே தொடங்கிவிடுவேன்.

தாழ்திறவு (அக்டோபர் 29)

நாளொன்றுக்கு ஒரு கட்டுரை, 40 நிமிடம், 250 சொற்களுக்குக் குறையாமல். முதல் ஐந்து நிமிடம் எழுதாமல் திட்டமிடுங்கள். கேள்வியின் எல்லாப் பகுதிகளுக்கும் விடை இருக்கிறதா என்று முடிவில் சரிபாருங்கள். 6-இல் நிற்பவர்களில் நான் பார்த்த பலர் மொழியால் நின்றதைவிட, கேட்ட இரண்டில் ஒன்றுக்கு மட்டும் விடையெழுதியதால் நின்றவர்கள். முதல் கட்டுரையை நாளை மாலை இங்கே இடுங்கள். படித்துக் குறிப்பு எழுதுகிறேன்.